வாரத்துக்கு வந்த கோழி

அக்டோபர் 25

தீபாவளி விடுமுறை முடிந்து மலையேறி வந்துவிட்டேன். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கில் பாதி பேருந்தின் கொண்டை ஊசி வளைவுகளிலேயே தூளாகிவிட்டது. வந்ததும் ரேஷன் கடையைத் திறந்து, மூட்டைகளில் எலி கடித்திருக்கிறதா என்று பார்த்து, தராசைத் துடைத்து வைத்தேன். கடையின் பின்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் ஒற்றை அறைதான் எனக்கு வீடு. ஜன்னலைத் திறந்தால் காப்பித் தோட்டம். கதவைத் திறந்தால் கொல்லை. கொல்லைக்கு அப்பால் பெருமாயி அக்காவின் ஓட்டு வீடு. ஊத்துப்பாறையில் எனக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்.

மாலையில் அக்கா வந்தார். கக்கத்தில் ஒரு பெட்டைக் கோழி. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்.

"ஏத்தா நாகஜோதி, இத வாரத்துக்குப் புடி."

நான் விழித்தேன்.

"கோழி என்னுது. வளக்கிறது நீயி. பொரிக்கிற குஞ்சுல பாதி எனக்கு, பாதி உனக்கு. பங்கு பிரிச்சதும் தாய்க்கோழி என் வீட்டுக்கு வந்துரும். அம்புட்டுத்தான் வாரம்."

"எனக்குக் கோழி வளக்கத் தெரியாதுக்கா."

"கோழிக்கு வளரத் தெரியும். நீ ராத்திரியில கதவச் சாத்துனாப் போதும்."

தீபாவளிக்கு ஊரில் இருந்தபோது கூட்டுறவுச் சங்கச் செயலாளரைப் பார்த்தேன். தை மாதம் முடிந்ததும் திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு ரேஷன் கடையில் இடம் காலியாகிறதாம். "நீ எழுதிக் குடுத்தாப் போதும்மா, மாத்திவிட்டுர்றேன்" என்றார். சரி சார் என்றேன். அதை இந்த ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்ல அதுதான் நல்ல சந்தர்ப்பம். வாயைத் திறந்தேன். "சரிக்கா" என்றுதான் வந்தது.

எல்லாரிடமும் எனக்கு அந்த ஒரு சொல்தான் வருகிறது.

அக்டோபர் 26

அறையின் மூலையில் அடை வைத்தாயிற்று. பழைய கூடையில் மணல் பரப்பி, அதில் ஒரு அடுப்புக்கரித் துண்டும் துருப்பிடித்த ஆணியும் போட்டு, மேலே பதினோரு முட்டைகள். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்கக் கரியும் இரும்புமாம். விலங்கியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆணி சின்னதாக இருந்ததால் இன்னொன்றும் போட்டேன்.

அக்டோபர் 28

கோழி கொத்திவிட்டது. வலது கை, ஆட்காட்டி விரல்.

நவம்பர் 3

நேற்று இரவு ஜன்னல் வழியாகச் சோற்று வாசனை வந்தது. சாதாரணச் சோறு இல்லை. சீரகச் சம்பா. வடித்து இறக்கின சூட்டில் வருமே, அந்த வாசனை.

திண்டுக்கல்லில் எங்கள் வீடு ஒரு பிரியாணிக் கடையின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. விடியுமுன் அங்கே அண்டாவில் அரிசி போடுவார்கள். அந்த வாசனையில்தான் அப்பா எழுந்து வெங்காய மண்டிக்கு மூட்டை தூக்கப் போவார். நான் படித்த எல்லாப் பரீட்சைக்கும் அந்த வாசனையில்தான் படித்தேன். வாங்கிச் சாப்பிட்டது எப்போதாவதுதான். வாசனைக்கு யாரும் காசு கேட்டதில்லை.

இந்த ஊரில் யார் சீரகச் சம்பா சமைக்கிறார்கள் என்று தெரியவில்லை. படுத்துக்கொண்டே வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தேன். பிறகு அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். சிக்னல் இல்லாததால் போகவில்லை. அதுவும் நல்லதுதான்.

நவம்பர் 7

அரிசி போடும் நாள். கைரேகை மெஷினுக்குச் சிக்னல் கிடைப்பது கடை வாசலில் இருக்கும் பாறையின் மேல் மட்டும்தான். அதனால் நான் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்காருவேன். எடை போடும் வீரணன் அண்ணன் உள்ளே இருப்பார். யாருக்கு எத்தனை கிலோ என்று நான் கத்த வேண்டும்.

"மேடம், அரிசியா பருப்பா? காத்துல வர மாட்டேங்குது!"

"அரிசி."

"என்னது?"

வரிசையில் நிற்பவர்கள் என் சார்பில் கத்துவார்கள். ஒருவர் இருபது கிலோவை முப்பது என்று கத்தினார். சிரித்துச் சமாளித்தோம்.

காப்பிப் பழம் பறித்துப் பறித்துப் பெருமாயி அக்காவுக்கு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. மெஷின் மூன்று முறை மறுத்தது. அக்கா விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றி, மறுபடி வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. "உசுரோட இருக்கேன்னு இதுகிட்ட மாசாமாசம் நிரூபிக்க வேண்டியிருக்கு" என்றார்.

கடையைப் பூட்டும்போது வீரணன் அண்ணன் கேட்டார்:

"பெருமாயி கோழி குடுத்துருச்சாமே?"

"ஆமாண்ணே. வாரத்துக்கு."

"உங்களுக்கு முன்னாடி இருந்த பொண்ணுக்கு ஆட்டுக்குட்டி குடுத்துச்சு. அந்தப் பொண்ணு மாறுதல் வாங்கி, குட்டியையும் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிருச்சு." சிரித்தார். பிறகு சாவியைத் தந்தபடி சொன்னார்: "ஆள் தங்கலேன்னா கடை மாசத்துல ரெண்டு நாள்தான் மேடம் தொறக்கும். அந்த ரெண்டு நாள்ல மழை பேஞ்சு மெஷின் வேலை செய்யலேன்னா, அடுத்த மாசந்தான். அதான் பெருமாயி ஆட்டையும் கோழியையும் குடுத்து ஆளத் தங்க வெக்கப் பாக்குது."

நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 11

மழை. கோழி அசையவில்லை. நானும்.

நவம்பர் 16

பொரித்துவிட்டது! விடியற்காலையில் கூடைக்குள்ளிருந்து கீச் என்று ஒரு சத்தம். தாய்க்கோழியின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மாலைக்குள் ஒன்பது. இரண்டு முட்டை கூமுட்டை.

பெருமாயி அக்கா குனிந்து பார்த்தார். "ஒம்பதா? கைராசிக்காரி" என்றார். காப்பிப் பழச் சாறு ஒட்டிய கையால் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். முகம் கழுவாமல் வெகுநேரம் இருந்திருக்கிறேன், இப்போதுதான் கவனித்தேன்.

நவம்பர் 19

குஞ்சுகளுக்குப் பெயர் வைக்கவில்லை. பாதி அக்காவுக்குப் போகப்போகிறது, மீதியையும் தை முடிந்தால் என்ன செய்வதென்று தெரியாது. அடையாளத்துக்காக மட்டும் சொல்கிறேன்: செம்மஞ்சளாக இருப்பது துவரை. கறுப்பு உளுந்து. பிறகு கோதுமை, ரவை, சர்க்கரை, பச்சரிசி, புழுங்கல், பாமாயில். ஒன்பதாவதுக்குக் கொடுக்கக் கடையில் சரக்கு இல்லை. அதனால் அது ஸ்டாக்கில்லை.

ஸ்டாக்கில்லைதான் எப்போதும் கடைசியாக வந்து, எல்லாவற்றையும் மிதித்து முன்னால் போகிறது.

நவம்பர் 30

அறைக்குள் இனி வைத்துக்கொள்ள முடியாது. கடைப் பக்கம் போய் அரிசி மூட்டை மேல் எச்சமிட்டால் அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது? வீரணன் அண்ணன் பழைய ஜன்னல் சட்டத்தையும் கம்பி வலையையும் வைத்துக் கொல்லையில் ஒரு கூடு அடித்துக் கொடுத்தார். கதவுக்குத் தாழ்ப்பாள். அடியில் பலகைக் கல்.

"கோட்டை மேடம். யானை வந்தாலும் யோசிக்கும்."

யானை வருமா என்று கேட்கவில்லை. இனி இருட்டுமுன் ஒரு முறை தாழ்ப்பாளைப் பார்ப்பேன். படுக்குமுன் ஒரு முறை.

டிசம்பர் 6

பெருமாயி அக்காவின் செஞ்சேவலைக் காணோம். அது கூட்டில் அடையாது. பலா மரக் கிளையில்தான் தூங்கும். காலையில் மரத்தடியில் நாலு இறகுகள்தான் கிடந்தன. அக்கா கொல்லையில் நின்று, "எந்த வாயில போச்சோ என் சேவல்! செரிக்குமா அதுக்கு!" என்று மலைக்கே கேட்கும்படி திட்டினார். பிறகு காப்பி பறிக்கப் போய்விட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. நேற்று இரவு மறுபடி சீரகச் சம்பா வாசனை வந்தது. முன்பைவிட அதிகம். சேவல் காணாமல் போன அதே இரவில், யாரோ நல்ல அரிசியில் சமைத்திருக்கிறார்கள். திண்டுக்கல்காரிக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதா?

வாசனை வந்தது வீரணன் அண்ணன் வீட்டுத் திசையிலிருந்து.

டிசம்பர் 8

இரண்டு நாளாக வீரணன் அண்ணனின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. இவ்வளவு நல்ல கூடு செய்து தந்தவர். சேவல் திருடுபவர் எதற்குக் கூடு செய்து தர வேண்டும்? அல்லது அதனால்தானோ? இன்று சாக்குக் கட்டும்போது, தரையைப் பார்த்தபடியே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை ராத்திரி உங்க வீட்ல பிரியாணியா?"

"பிரியாணியா?" சணலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயி பத்து நாளாச்சு மேடம். நான் கஞ்சியும் ஊறுகாயும். ஏன், யாரும் குடுத்து விட்டாங்களா? வழியில எவனும் தின்னுட்டானா?"

"இல்லண்ணே. வாசனை வந்துச்சு."

"பிரியாணி வாசனையா?"

"பிரியாணி இல்ல. சீரகச் சம்பா சோறு. ராத்திரி. இதுக்கு முன்னாடி ஒரு தடவையும் வந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்றே நினைத்தேன். "மேடம், சாயந்தரம் பெருமாயி வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 8, மீண்டும்

கேவலப்பட்டுவிட்டேன். ஆனால் எழுதிவிடுகிறேன்.

பெருமாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் வீரணன் அண்ணன். "இங்க வாத்தா" என்று என் கையைப் பிடித்து, கடையின் பின்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார். சுவரின் மேல் ஏதோ காய்ந்து கிடந்தது. உற்றுப் பார்த்தால் எச்சம். முழுக்க முழுக்கக் காப்பிக் கொட்டைகள்.

"இதான் உன் பிரியாணிக்காரன்."

"என்னக்கா இது?"

"மரநாயி. காப்பி பழுத்தா வரும். பழத்தத் தின்னு கொட்டையப் போடும். பழம் சலிச்சுப்போனா கோழி. அது போற எடமெல்லாம் மூத்திரத்த விட்டு அடையாளம் வெச்சுட்டுப் போகும். அந்த வாடைதான் பச்சரிசிச் சோறு கொதிக்கிற மாதிரி இருக்கும்."

நவம்பரிலிருந்து நான் எதை முகர்ந்து, எதை நினைத்து, ஜன்னலோரம் கண் கலங்கினேன் என்று இவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

"மரநாய் மூத்திரத்த மோந்துட்டு எம் மேல சேவல் கேஸு போட்டுருச்சு பாத்தியா பெருமாயி!" என்றார் வீரணன் அண்ணன். அதற்குமேல் அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்தபின் நான் சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

"மன்னிச்சுக்கங்கண்ணே" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். ஊருக்குப் போறப்ப நெசப் பிரியாணி ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க."

டிசம்பர் 10

செய்தி பரவிவிட்டது. பாறையில் மெஷினோடு உட்கார்ந்திருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர், "என்னம்மா, இந்த மாசம் சீரகச் சம்பா போடுறாங்களாமே?" என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அது ராத்திரிக் கடைங்கய்யா. கார்டு வேணாம், கோழி கொண்டாந்தாப் போதும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். இன்னும் நம்ப முடியவில்லை.

டிசம்பர் 14

உளுந்தும் ரவையும் போய்விட்டன.

வலை கிழியவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. படுக்குமுன் பார்த்தேன். மழையில் ஜன்னலைச் சாத்தியிருந்ததால் வாசனை தெரியவில்லை. காலையில் வலையின் வெளிப்பக்கம் கறுப்புத் தூவி ஒட்டிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் வலையோரம் ஒட்டிப் படுத்திருக்கின்றன. வலைக்கண் வழியே கையை விட்டுப் பிடித்திருக்கிறது. தாய்க்கோழியின் ஒரு பக்கச் சிறகும் பிய்ந்து தொங்கியது. அது மற்ற ஏழையும் நடுவில் தள்ளிக்கொண்டு வலையைப் பார்த்து நின்றிருந்தது.

அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். பாதி அவருடைய குஞ்சுகள். கதவைச் சாத்தினால் போதும் என்றார். சாத்தினேன். போதவில்லை. அவர் வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை அவரே பார்த்துவிட்டார்.

"ரெண்டு போயிருச்சுக்கா. உங்க பங்குல வேணாம். என் பங்குல கழிச்சுக்கங்க."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "செத்தது ரெண்டு பேருக்கும்தான் செத்துச்சு. பங்குன்னா அது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தர்றேன், சிறகுல போடு" என்றார். பிறகு, "மொகத்தக் கழுவு மொதல்ல" என்றார்.

அடுப்புப் புகை. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 15

விடுப்பு எடுத்து யோசித்தேன். வலையை இன்னும் சின்னக் கண்ணாக மாற்றலாம். ஆனால் அதற்குக் கீழே போய் வாங்க வேண்டும். அதுவரை?

அது கையை எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்பதுதான் கேள்வி. வீரணன் அண்ணனின் தம்பி தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகள் வைத்திருக்கிறார். இரண்டு வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் வெட்டி, கூட்டின் நடு மையத்தில் வைத்தேன். வலைக்கும் பெட்டிக்கும் இடையே என் முழங்கை நீளம் இடைவெளி. தாயும் குஞ்சுகளும் பெட்டிக்குள். நானே வெளியில் மண்டியிட்டு வலைக்கண்ணில் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். எட்டவில்லை.

"கூட்டுக்குள்ள கூடா?" என்றார் வீரணன் அண்ணன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் அடிச்ச கோட்டைக்கு நீங்க உள்ள அரண்மனை கட்டிட்டீங்க."

கடை வாசலில் பழுத்துத் தொங்கிய வாழைத் தாரையும் அறுத்து உள்ளே வைத்தோம். பெருமாயி அக்கா முற்றத்தில் காயப் போட்டிருந்த காப்பிப் பழத்தை இனி மாலையில் அள்ளிவிடுவதாகச் சொன்னார். மரநாய்க்கு எதற்கு வழியில் இலை போட்டுப் பரிமாற வேண்டும்?

ஜன்னலை இனிமேல் சாத்துவதில்லை. குளிருக்கு இரண்டு போர்வை.

டிசம்பர் 23

வந்தது. தூக்கத்திலேயே வாசனை தெரிந்தது. சீரகச் சம்பா, இப்போதுதான் வடித்த மாதிரி. எழுந்து, பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து கரண்டியால் அடித்தேன். தகரம் மட்டும் போதாது என்று தோன்றியது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "போ! போ!" என்றும் இன்னும் சிலவும். பெருமாயி அக்கா எந்த ஊரிலிருந்து வந்த வசவென்று காலையில் விசாரித்தார். வெங்காய மண்டி என்றேன்.

டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். சுவரின் மேல் உட்கார்ந்திருந்தது. பூனையைவிட நீளம், கரிய முகம், உடம்பு அளவுக்கு வால். கண்கள் இரண்டும் ஜொலித்தன. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல் காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போனது. அழகாகத்தான் இருக்கிறது. இதை நான் அக்காவிடம் சொல்லப் போவதில்லை.

அதற்குள் நாலைந்து வீட்டில் விளக்கு எரிந்து, அவரவர் கோழிக் கூட்டை அவரவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கு அந்த வாடை பழகிப்போச்சு, மூக்குல ஏறாது" என்றார் அக்கா. "கீழ இருந்து வந்த மூக்கு. உடனே புடிச்சுருது."

கடையில் வீரணன் அண்ணன்: "நேத்து ராத்திரிச் சத்தம் ஊத்து வரைக்கும் கேட்டுச்சாம். அந்தத் தொண்டையக் கொஞ்சம் கடைக்கும் கொண்டாங்க மேடம்."

கொண்டுவந்தேன். "இருபது கிலோ புழுங்கல்!" என்றேன். உள்ளே மூட்டை பிரிக்கும் சத்தம் உடனே கேட்டது.

ஜனவரி 2

சளி. மூக்கு அடைத்துவிட்டது. ஊரே விசாரிக்கிறது. ஒருவர் மிளகு, ஒருவர் தைலம், ஒருவர் தூதுவளை. என் உடம்பு மேல் உள்ள அக்கறையா, மூக்கின் மேல் உள்ள அக்கறையா என்று தெரியவில்லை. எதுவானாலும் ரசம் நன்றாக இருந்தது.

ஜனவரி 11

பங்கு பிரித்தோம். நான் பொங்கலுக்கு ஊருக்குப் போகுமுன் முடித்துவிடலாம் என்று அக்கா சொன்னார். தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கிவிட்டது. அவை தானே மேய்கின்றன.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கோழிக்குச் சொந்தக்காரர் இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும். வளர்த்தவர் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பிரிப்பவர் நேர்மையாகப் பிரிப்பாராம். அக்கா இரண்டு கூடைகளில் மும்மூன்றாக விட்டார். ஒன்றில் துவரை, சர்க்கரை, கோதுமை. மூன்றும் கொழுத்தவை. இன்னொன்றில் பச்சரிசி, புழுங்கல், பாமாயில். பாமாயில் நொண்டி. பிரித்தது நேர்மையாகவே இல்லை.

நான் பாமாயில் கூடையைத் தொட்டேன்.

"கண்ணு தெரியலையா உனக்கு? அந்தக் கூடையப் பாரு."

"இதுதான்க்கா வேணும்."

"நீ எடுக்கணும்னுதான அப்படிப் பிரிச்சேன், கிறுக்கி!"

கொஞ்ச நேரம் கூடைகள் இங்கும் அங்கும் போய்வந்தன. கடைசியில் பாமாயில் என்னிடம், துவரை அவரிடம். மீதி எங்கே நின்றதோ அப்படியே விட்டுவிட்டோம். ஸ்டாக்கில்லை மட்டும் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தது.

"ஒத்தைக் குஞ்சு?" என்றேன்.

"ஒத்தை வளத்தவ வீட்டுலயே நிக்கும். அடுத்த அடையில சேத்துப் பிரிச்சுக்கலாம்."

"அடுத்த அடையா?"

"கணக்கு முடியாமத் தாய்க்கோழிய எப்படித்தா கொண்டுபோறது? அதுவும் இங்கயே கெடக்கட்டும்" என்றார் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல், கூடையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு போனார்.

ஜனவரி 16, திண்டுக்கல்

விடியுமுன் சீரகச் சம்பா வாசனை வந்தது. பாயிலிருந்து துள்ளி எழுந்து, இருட்டில் தகரத்தைத் தேடினேன். கையில் சிக்கிய சொம்பைத் தட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். தெருவில் பிரியாணிக் கடைக்காரர் அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே."

அம்மா பின்னால் வந்து நின்றார். "அந்த மலையில புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான இருக்கா. சோறு முன்ன விடச் சாப்பிடுறா" என்று மண்டிக்குக் கிளம்பினார்.

மறுபடி தூக்கம் வரவில்லை. பெருமாயி அக்கா இந்நேரம் தாழ்ப்பாளைப் பார்த்திருப்பாரா?

ஜனவரி 18

பிரியாணிப் பொட்டலத்தை வீரணன் அண்ணனிடம் கொடுத்தேன். பேருந்திலேயே ஆறிவிட்டது. பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மரநாயி தேவலாம்" என்றார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பிப்ரவரி 13

புள்ளிக் கோழி மறுபடி அடை உட்கார்ந்துவிட்டது. பத்து முட்டைகள். கரி ஒன்று, ஆணி மூன்று.

பிப்ரவரி 20

மதியம் பாறையில் உட்கார்ந்திருந்தபோது செயலாளர் கூப்பிட்டார். சிக்னல் நன்றாக இருந்தது.

"என்னம்மா நாகஜோதி, இடம் காலியாயிருச்சு. திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்துரு."

வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெருமாயி அக்கா விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தராசுச் சத்தம் நின்றது.

என் வாயில் இருக்கும் ஒரே சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"இல்ல சார்" என்றேன்.

"என்னது?"

"இப்ப முடியாது சார். கோழி அடையில இருக்கு."

"எது அடையில இருக்கு?"

"கோழி சார். வாரத்துக்கு வாங்கினது. கணக்கு முடியல. வேற யாருக்காவது அந்த எடத்தக் குடுத்துருங்க சார்."

"உங்க வீட்ல தெரியுமா?" என்றார். "சொல்லிர்றேன் சார்" என்றேன். வைத்துவிட்டார்.

பெருமாயி அக்கா விரலை மெஷினில் வைத்தார். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது.

"இருபது கிலோ புழுங்கல்!" என்று கத்தினேன்.

"காது செவிடாகுது மேடம்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பிப்ரவரி 21

அம்மாவிடம் சொன்னேன். அழுதார். திட்டினார். "அங்க அப்படி என்னதாண்டி கெடக்கு உனக்கு?" என்றார்.

"மூணு குஞ்சு. அப்புறம் பங்கு பிரிக்காத ஒண்ணு."

அம்மா மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, "சித்திரையில நான் வர்றேன். அந்தப் பஸ்ல வாந்தி வருமா?" என்றார். எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னேன்.

மார்ச் 6

பொரித்தன. எட்டு. பெருமாயி அக்கா காப்பிக் கூடையோடு வந்து குனிந்து எண்ணினார். எட்டோடு ஸ்டாக்கில்லையையும் சேர்த்து விரல் விட்டு மறுபடி எண்ணினார்.

"ஒம்பது. மறுபடியும் ஒத்தையா வருதே!"

"வரட்டும்க்கா" என்றேன். "அடுத்த அடையில சேத்துப் பிரிச்சுக்கலாம்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். கொல்லையைத் தாண்டும் வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்புத்தான்.

இருட்டுகிறது. போய்க் கதவைச் சாத்த வேண்டும்.